கண்ணை மூடிக் கேட்ட செய்திகள்

எங்கள் ஊரில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்ற முழு விவரமும் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கர்த்தர். இன்னொருவர், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த என் அம்மா. இரண்டு பேருமே வாயைத் திறப்பதில்லை என்பது ஊர்ப் பெண்களின் தீராத குறை.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயில் பாதையில் ஒரு சிற்றூர் அது. 1970-களில் ஊர் முழுக்க நூறு போன்கூடக் கிடையாது. எல்லாம் இரண்டு இலக்க நம்பர்தான். போனில் டயல் இருக்காது, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்ச் பலகையில் அந்த நம்பருக்கான சின்னத் தகடு 'டக்'கென்று விழும். அம்மா பிளக்கைச் சொருகி "நம்பர் ப்ளீஸ்" என்பார். கேட்ட நம்பரில் ஜோடிப் பிளக்கைச் சொருகி மணியடிப்பார். பேசி முடித்தவர்கள் மறுபடி ஒருமுறை கைப்பிடியைச் சுற்றித் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஊரில் அந்த நல்ல பழக்கம் கடைசிவரை யாருக்கும் வரவில்லை. அதனால் அம்மாதான் லைனுக்குள் போய் "பேசியாச்சா?" என்று கேட்க வேண்டியிருந்தது. அப்படிக் கேட்பதற்கு முன்னால், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று கொஞ்சம் காது கொடுத்துப் பார்ப்பதுதானே மரியாதை? ஊரின் சரித்திரம் முழுவதும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அம்மாவின் காதில் ஏறியது.

எங்கள் வேதாகமத்தில் 66 புத்தகங்கள். அம்மாவுக்கு 67-வதாக ஒன்று இருந்தது, 1885-ஆம் வருடத்து இந்தியத் தந்திச் சட்டம். லைனில் கேட்டதை வெளியே சொன்னால் வேலையும் போகும், ஜெயிலும் கிடைக்கும். பக்கத்து வீட்டு அத்தை அவித்த பனங்கிழங்கோடு வந்து உட்கார்ந்து, "ஏக்கா, மேலத்தெருவுல நிச்சயம் பண்ணுன கல்யாணம் நின்னுபோச்சாமே?" என்று ஆரம்பிப்பாள். "அப்படியா? எனக்கென்ன தெரியும், நான் நம்பரைத்தானே பாக்கேன்" என்று சொல்லிவிட்டு அம்மா கிழங்கை நார் உரிப்பார். அத்தை போனதும் அப்பா கேட்டுப் பார்ப்பார். அவருக்கும் அதே பதில்தான்.

ஆனால் ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம் உண்டு.

அப்பா வேதம் வாசிப்பார், நாங்கள் ஒரு கீர்த்தனையைக் கொலை செய்வோம், பிறகு அம்மா முக்காட்டை இழுத்துவிட்டு ஜெபிப்பார். "ஆண்டவரே, 47-ஐ உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன். பம்பாயில் இருக்கிற அந்தப் பிள்ளை பார்த்து வைத்திருக்கிற பெண்ணை அவன் தகப்பன் ஏற்றுக்கொள்ளும்படி அவருடைய மனதை இளக்கும். அந்த மூவாயிரம் ரூபாய் விஷயத்தையும் நீர் அறிவீர்." இந்த இடத்தில் நான் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பேன். அப்பாவின் கை மெல்ல ஊர்ந்து, வேதப்புத்தகத்துக்கு அடியில் இருக்கும் டெலிபோன் டைரக்டரியைத் தொட்டிருக்கும். ஆமென் சொல்லி முடிப்பதற்குள் 47 யார் என்று கண்டுபிடித்துவிடுவார். ஜெபத்தில் எங்களைப் போல ஊக்கமாகப் பங்கெடுத்த குடும்பம் அந்தச் சேகரத்திலேயே கிடையாது.

ஒருநாள் அப்பா துணிந்து கேட்டார். "ஏட்டி, சட்டத்துல ஆண்டவருக்கு மட்டும் விலக்கு உண்டா?"

"அவருக்குத் தெரியாததையா நான் சொல்லுதேன்?"

"தெரிஞ்சவருக்கு எதுக்கு இம்புட்டு வெவரம்?"

"ஞாபகப்படுத்துதேன்."

பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்தும் மனிதர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. லெந்து நாற்பது நாளும் அம்மா கறி, மீனோடு சேர்த்து ஒட்டுக்கேட்பதையும் விட்டுவிடுவார். அந்த நாட்களில் ஜெபம் நோயாளிகள், விதவைகள், திக்கற்றவர்கள் என்று பொதுவாகவே போகும். உபவாசம் என்னவோ அம்மாவுக்குத்தான், பட்டினி எங்களுக்கு.

வெளியூர்களுக்குப் பேச டிரங்க் கால் பதிய வேண்டும். அதில் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று ரகம். அர்ஜென்டுக்குக் கட்டணம் இரண்டு மடங்கு, லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. எந்த அழைப்புக்கும் மூன்று நிமிடம்தான் கணக்கு. வீட்டையும் அம்மா இந்த விதிப்படியே நடத்தினார். தம்பி என்மீது புகார் கொண்டுவந்தால் முதல் கேள்வி, "ஆர்டினரியா, அர்ஜென்டா?" லைட்னிங் என்று சொல்லி, புகார் பொய்யென்று தெரிந்தால் அடியும் எட்டு மடங்கு. மூன்று நிமிடத்துக்கு மேல் அழுதால், "டைம் ஆச்சு. நீட்டிக்கணுமா?"

ஆண்டவரிடமும் இதே ஒழுங்குதான். எங்கள் பரீட்சை எல்லாம் ஆர்டினரி. ஒரு வருடம் அப்பாவுக்கு மஞ்சள்காமாலை முற்றிக் கண்ணெல்லாம் எலுமிச்சை நிறமாகிவிட்டது. அம்மா பகலில் பலகையின் முன்னாலும் ராத்திரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழேயும் முழங்காலில் நின்றார். (பலகையின் முன்னால் முழங்காலில் நிற்க இலாகா விதியில் இடமில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடிதான், ஆனால் எங்களுக்கு அப்படித்தான் தோன்றியது.) அப்பா பிழைத்து எழுந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் விரலில் இருந்த மோதிரம் காணிக்கைப் பையில் விழுந்தது. அப்பா பதறிப்போனார். "லைட்னிங் புக் பண்ணிட்டு பில் கட்டாம இருக்க முடியுமா?" என்றார் அம்மா.

டெலிபோனுக்கு ஓய்வுநாள் கிடையாது. ஆகையால் உடன் வேலைபார்த்த இந்துப் பெண்களோடு அம்மாவுக்கு ஒரு நிரந்தர ஒப்பந்தம் இருந்தது. தீபாவளி, பொங்கல் டியூட்டி அம்மாவுக்கு, கிறிஸ்துமஸ் டியூட்டி அவர்களுக்கு. இதனால் தீபாவளி ராத்திரி எங்கள் வீட்டில் அப்பா வைத்த ரசம், கிறிஸ்துமஸ் ராத்திரி அவர்கள் வீட்டிலும் அவரவர் கணவர் வைத்த ரசம். மத நல்லிணக்கத்துக்கு ஆண்கள் கொடுத்த விலையை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

பிறகு தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தது, எஸ்.டி.டி. வந்தது. ஊரார் யாருடைய தயவும் இல்லாமல் பேசிக்கொண்டார்கள். குடும்ப ஜெபம் சப்பென்று ஆனது அப்போதிருந்துதான். 2000 அக்டோபரில் இலாகா பி.எஸ்.என்.எல். ஆனபோது அம்மா ஓய்வுக்கு நெருங்கியிருந்தார். கைபேசி வந்து, எவ்வளவு பேசினாலும் ஒரே கட்டணம் என்று ஆன பின்னும், மூன்று நிமிடமானால் "பேசியாச்சா?" என்று கேட்டு வைத்துவிடுவார். அமெரிக்காவிலிருந்து தம்பி பேசினாலும் அதே கதிதான். அவன் தன் விவாகரத்தைச் சொல்லி முடிக்க மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

அம்மாவின் அடக்கத்தன்று சபை ஐயர் அரைமணி நேரம் பிரசங்கித்தார். கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது குடும்பத்தார் நாங்கள் மட்டும்தான். மண் போட்டு முடிந்ததும், வழுக்கையும் வெள்ளை மீசையுமாக ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார். கூடவே வடநாட்டு ஜாடையில் ஓர் அம்மாள். எங்கள் யாருக்கும் அவர்களைத் தெரியவில்லை. அப்பா கொஞ்ச நேரம் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"47 தானே?"

அவர் அழுகையை நிறுத்திவிட்டு வியந்துபோனார். "ஆமா சார்! அது எங்க பழைய போன் நம்பர். இத்தனை வருஷம் கழிச்சும் ஞாபகம் வெச்சிருக்கீங்களே!"

"ஜெபத்துல கேட்டது" என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மூவாயிரத்தைத் திருப்பிக் குடுத்தாச்சா?" என்றார்.