பெட்டியைக் கேக்காதே, காயைக் கேளு

வா கண்ணு, உக்காரு. ஆளுயரத்துக்கு ஃப்ரிட்ஜ் வாங்கிட்டியாமா? ரெட்டைக் கதவாமா? ஒறம்பரை வந்தா மொதல்ல அதைத்தான் தொறந்து காட்டுறியாம். அடித்தட்டுல கொத்தமல்லி கூழாக் கெடந்ததே, அதையும் காட்டுனியா?

சந்தையில இருந்து வந்ததும் எல்லாத்தையும் குளிப்பாட்டி, ஈரம் சொட்டச் சொட்ட பிளாஸ்டிக் பையில முடிஞ்சு உள்ள தள்ளுறே. ஈரமும் இருந்து காத்தும் இல்லீன்னா அழுகாம என்ன பண்ணும்? ஆக்குறப்பக் கழுவுனாப் போதாதா? கொத்தமல்லிய வேரோட ஒரு டம்ளர் தண்ணியில நிக்க வை. பச்சமொளகாய்க்குக் காம்பைக் கிள்ளு. இதுக்கெல்லாம் கரண்டு பில்லு வருதா?

தக்காளிப்பழத்தை எதுக்கு நடுங்க விடறே? வெயில்ல வெளஞ்ச சாமான் அது. 12, 13 டிகிரிக்குக் கீழ போனா மணமும் போச்சு, ருசியும் போச்சு. வாழப்பழமோ தோல் கறுத்துப் போயிரும். கேரட்டும் முட்டைக்கோசும் மலைக்குளுருல வளந்ததுக. அதுகளுக்கு உன்ற பெட்டி பொறந்த ஊடு மாதிரி. எதை உள்ள வெக்கிறதுன்னு செல்போன்ல தேடுறியே, அது எங்க வெளஞ்சுதுன்னு ரோசனை பண்ணுனியா? பாதி பதில் அதுலயே வந்துரும்.

பழுத்த பழத்துக்குப் பக்கத்துல கீரைய வெச்சது ஆரு? பழம் விடுற ஆவிக்குப் படிச்சவங்க எத்திலீன்னு பேரு வெச்சிருக்காங்க. என்ற ஆத்தாளுக்குப் பேரு தெரியாது. மாங்காயை வைக்கோலுக்குள்ள மூடி வெச்சா, ஒண்ணு பழுத்து மத்ததையும் பழுக்க வெக்கும்னு மட்டும் தெரியும். மாங்காயைப் பழுக்க வெக்கிற அதே ஆவிதான் உன்ற கீரைய மஞ்சளாக்குது.

வெங்காயத்துக்குக் காத்து வேணும், உருளைக்கெழங்குக்கு இருட்டு வேணும். ரெண்டையும் ஒரே கூடையில கொட்டாதே. வெளிச்சம் பட்டுப் பச்சை பாஞ்ச கெழங்கைத் திங்காதே. முத்துன சாம்பப்பூசணி அட்டாலியில மாசக்கணக்காக் கெடக்கும். அதுக்கு எந்தக் கம்பெனிக்காரன் கேரண்டி குடுத்தான்?

சல்லிசா வருதுன்னு கூடையோட வாங்குனியே கண்ணு, வீசுனதையும் சேத்துக் கணக்குப் போட்டுப் பாரு. சல்லிசா அது? பெட்டியில எடம் இருக்குதுன்னு வாங்காதே, வகுறு எத்தனைன்னு எண்ணி வாங்கு. அப்பவும் மிஞ்சுச்சா? பக்கத்தூட்டுக்கு ஒரு கை அள்ளிக் குடு. அடுத்தவன் வகுத்துக்குள்ள வெச்ச காய் அழுகிப்போச்சுன்னு நான் கேள்விப்பட்டதே இல்லே.