முன்னுரைவரை முனைவர்

“ஏஐ படிக்கணும் சார், எந்தப் புக்குல தொடங்கலாம்?” என்று இவரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். கடைசி பஸ் போய்விடும். ரசலும் நார்விக்கும் எழுதிய தடிப் புத்தகம் 1995இல் முதல் பதிப்பு, 2020இல் நான்காவது, ஆயிரம் பக்கத்துக்கு மேல் என்பார். மைக்கேல் நீல்சன் நியூரல் நெட்வொர்க் பற்றி எழுதியதை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம் என்பார். கணக்கென்றால் காய்ச்சல் வருகிறவருக்கு மெலனி மிட்செல், 2019. தகவல் அத்தனையும் சுத்தம். ஒன்றையும் படித்ததில்லை, அவ்வளவுதான்.

முயலாமலும் இல்லை. நூலகத்திலிருந்து எடுத்துவந்த ரசல்–நார்விக் பழைய பதிப்பில் மூன்றாம் அத்தியாயம்வரை போயிருக்கிறார். அங்கே ருமேனியா வரைபடம் ஒன்று வரும். அராத் என்ற ஊரிலிருந்து புகாரெஸ்டுக்கு வழி தேட வேண்டும். எந்த ஊர் புகாரெஸ்டுக்குக் கிட்டத்தில் தெரிகிறதோ அதற்கே தாவிக்கொண்டு போனால் மொத்த தூரம் 450. இதுவரை வந்த தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும் ஏ-ஸ்டார் முறையில் போனால் 418. பேராசை பெருநஷ்டம் என்பதை இத்தனை நாசூக்காகச் சொன்ன பாடப்புத்தகம் வேறெதுவும் எனக்குத் தெரியாது. நம்மவர் மட்டும் அராத்திலேயே தங்கிவிட்டார்.

காரணம், பின்னால் நிகழ்தகவு வருகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். “அஸ்திவாரம் இல்லாம எப்படி?” நிகழ்தகவுக்கு நுண்கணிதம் வேண்டும், நுண்கணிதத்துக்கு பிளஸ் டூ புத்தகம், அதற்குப் பத்தாம் வகுப்பு. இப்போது ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்துக்குப் பழைய புத்தகக் கடைகளில் சொல்லிவைத்திருக்கிறார். இந்தப் போக்குக்கும் அதே மூன்றாம் அத்தியாயத்தில் பெயர் இருக்கிறது: ஆழம்-முதல் தேடல். ஒரே கிளையைப் பிடித்துக்கொண்டு இறங்குவது. கிளைக்கு அடியில்லை என்றால் மேலே வருவதும் இல்லை. இன்னும் நாலு பக்கம் புரட்டியிருந்தால் தன்னையே சந்தித்திருப்பார்.

எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண் ஒருநாள் சொன்னாள்: “மாமா, அந்த ருமேனியா கணக்கை பைத்தான்ல எழுதிட்டேன். சரியா 418 வருது.”

“எந்தப் பதிப்பும்மா?”

“மூணாவது. சீனியர் அக்கா குடுத்தாங்க.”

“அடடே! அது பழசாச்சே. விட்டுட்டு முதல்லேருந்து ஆரம்பி. என்கிட்ட நாலாவது இருக்கு, தர்றேன். புத்தம்புதுசு, பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கலை.”