ஒன்பதாம் விடை: இணைய வகுப்பு மௌனம் பற்றிய ஓர் ஆய்வு

வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பே நன்னூலில் வகுத்துவிட்டார் பவணந்தி முனிவர். அவர் காலத்தில் மியூட் பொத்தான் இல்லாததால் ஒரு விடை விடுபட்டுப்போயிற்று. அந்தக் குறையைத் தீர்ப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

களம்: பிளஸ் ஒன் தாவரவியல் இணைய வகுப்பு. வினா: "ஒளிச்சேர்க்கை செல்லில் எங்கே நடக்குது? யார் சொல்றீங்க?"

கிடைத்த விடைகள், இலக்கண வரிசையில்:

ஏவல்: "நீங்களே சொல்லிடுங்க மேம்."
வினா எதிர் வினாதல்: "மேம், என்னையா கேட்டீங்க?"
உற்றது உரைத்தல்: "நெட் கட்டாயிடுச்சு மேம்."
உறுவது கூறல்: "சார்ஜ் தீரப்போகுது மேம்."
இனமொழி: "ரெக்கார்டு நோட்டு முடிச்சிட்டேன் மேம்."

திரையின் மற்றக் கட்டங்கள் அனைத்தும் தந்தது ஒன்பதாம் விடை: மௌனம். இடையில் யாரோ மைக்கை அணைக்க மறந்ததில், "டேய், தோசை ஆறுது" என்ற குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

இம்மௌனம் மூவகைப்படும். விடை தெரியாதது அறியா மௌனம். தெரிந்தும் தப்பாகிவிடுமோ என்று வாய் திறவாதது அஞ்சு மௌனம். உள்ளே நுழைந்துவிட்டுக் குளிக்கப் போனது அகன்ற மௌனம். மூன்றாவதற்குச் சான்று எளிது: "பை மேம்" சொல்லி எல்லோரும் போன பின்னும் ஒரு கட்டம் மட்டும் அசையாமல் நிற்கும்.

குற்றம் மாணவர் மேல் என்பதே ஆசிரியர் அறையின் ஒருமித்த கருத்து. ஆய்வு அதை மறுக்கிறது. "ஏதாவது டவுட் இருக்கா?" என்பது ஆறு வினாக்களில் எந்த வகை? ஏவல் வினா. 'பேசாமலிருங்கள், பாடத்தை முடிக்கணும்' என்பதே அதன் பொருள். பிள்ளைகள் கீழ்ப்படிகிறார்கள்.

அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சுமார் ஒரு நொடிதான் பொறுத்தார்கள். மூன்று நொடி பொறுத்தபோது விடைகள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். இணையத்தில் மியூட் எடுக்கவே மூன்று நொடி ஆகும். பத்து நொடியாவது பொறுக்க வேண்டும்.

பரிகாரங்கள்: இரு பக்கமும் வாதிக்க இடமுள்ள கேள்வியைக் கேளுங்கள். எல்லோரும் விடையைத் தட்டச்சு செய்து, "அனுப்பு" என்றதும் ஒன்றாக அனுப்பட்டும்; அஞ்சு மௌனம் கூட்டத்தில் கரையும். நால்வர் நால்வராகக் குழு பிரித்து, யார் வந்து சொல்வது என்பதை முன்பே குறித்துவிடுங்கள். அகன்ற மௌனம் ஈரத்தலையோடு திரும்பும்.

முடிவாக, கட்டுரையாளர் தம் வகுப்புப் பதிவொன்றை ஓட்டிப் பார்த்தார். "டவுட் இருக்கா?" என்ற குரல் அடங்குமுன், "சரி, அடுத்த ஸ்லைடு" என்றது இன்னொரு குரல். இரண்டும் கட்டுரையாளருடையவை.