தட்டினால் தெரியும்

1942-இல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய 'தந்தி'யில், தலைப்பைப் படித்தாலே பாதிச் செய்தி விளங்கிவிடும். இணையத்தில் அந்தப் பேச்சே கிடையாது. 'பிரபல நடிகருக்கா இந்த நிலைமை? கதறும் ரசிகர்கள்!' பதறித் தட்டினால், மூட்டுவலித் தைல விளம்பரம், வீட்டுமனை விளம்பரம், நடிகரின் பழைய படங்கள் நாலு. கடைசி வரியில்தான் விஷயம்: அவருக்கு ஜலதோஷமாம்.

முன்பு டீக்கடை பெஞ்சில் ஒரே பேப்பரைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் படித்துவிட்டுச் சண்டை போட்டார்கள். இப்போது படிக்காமலேயே போடுகிறார்கள், நேரம் மிச்சம்.

அச்சு மை உடம்புக்கு ஆகாது, பேப்பரில் பஜ்ஜி மடித்துத் தராதீர்கள் என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையம். போன் செய்தியில் அந்தப் பயமில்லை. அது உடம்பை ஒன்றும் செய்யாது. நேரே மூளைக்குத்தான் போகும்.