வால் மாறிடுச்சும்மா

முகூர்த்த நாளில் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் கோயிலுக்கு வந்து பாருங்கள். ஒரே காலையில் எத்தனை தாலி ஏறுகிறது என்று கெட்டிமேளத்தை வைத்துக் கணக்கெடுக்க முடியாது. ஒரு மேளம் அடங்குவதற்குள் பக்கத்து மேளம் பிடித்துக்கொள்ளும். வேறு யாருடைய கல்யாணத்திலோ மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்கார்ந்த பிறகு விஷயம் தெரிந்தவர்களும் உண்டு. அந்த நெரிசலில், வேட்டி மண்ணில் புரள, பொம்மைக் கடை முன்னால் குந்தியிருக்கும் ஒரு நாற்பத்தைந்து வயதுக்காரர் கண்ணில் பட்டால் கொஞ்சம் நின்று கவனியுங்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் டைனோசர் வைத்திருப்பார். அதன் பல்லையோ முதுகையோ பார்க்க மாட்டார். மணிக்கட்டைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

“பையனுக்கா சார்?” என்பார் கடைக்கார அம்மா.

“ஆமாக்கா.”

“எத்தினி வயசு?”

“நாலு.”

பையன் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். படிக்கிறான். மீசை வைத்திருக்கிறான்.

டைனோசர் பொம்மை சேர்க்கும் மனிதர்களில் இவர் ஒரு வார்ப்பு. கடலூர் பக்கம் இந்த வகையறா அதிகமில்லை. இருப்பவர்களும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. வங்கியில் கேஷியராக இருப்பார், நெய்வேலியில் ஷிப்ட் பார்ப்பார், ஏதோ ஒரு பள்ளியில் கணக்கு எடுப்பார். 1993-ல் வந்த ஜுராசிக் பார்க் படத்தைச் சிறு வயதில் பார்த்திருப்பார். கூடப் பார்த்தவர்கள் எல்லாரும் படம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இவர் மட்டும் இன்னும் வரவில்லை.

மணிக்கட்டு விஷயத்தை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார். டைரனோசாரஸ் ரெக்ஸ் மாதிரி இரண்டு காலில் நடந்த வேட்டைப் பிராணிகளின் உள்ளங்கை தரையைப் பார்க்காது. இரண்டு கையும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். சினிமாக்காரர்கள் கையைக் கீழே தொங்கவிட்டுக் காட்டியது பிசகு. இதை அவர் நம்மூருக்குப் புரிகிற மாதிரி சொல்வார்: “பஜனைக்குத் தாளம் போடுற கை சரி. மிருதங்கம் தட்டுற கை தப்பு.” கோயில் தெருக் கடையில் தொங்குவது மொத்தமும் மிருதங்கக் கோஷ்டி. திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார். “அஞ்சு ரூபா கொறைச்சிக்க சார்” என்று கடைக்காரம்மா பின்னாலிருந்து கூப்பிடுவது அவர் காதில் விழாது.

அவருடைய அசல் பண்டிகைக் காலம் ஐப்பசி கடைசியில் ஆரம்பிக்கிறது. அப்போதுதான் பொம்மைக் கம்பெனிகள் அடுத்த வருஷத்துச் சரக்கின் படங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடும். ஜெர்மனியின் ஷ்லைக், பிரான்ஸின் பாப்போ, அமெரிக்காவின் சஃபாரி, சீனாவின் பிஎன்எஸ்ஓ, இன்னும் கலெக்டா, இயோபானா என்று பெயர்களை நவகிரகம் மாதிரி ஒப்பிப்பார். ஜனவரி கடைசியில் நியூரம்பெர்க் நகரத்துப் பொம்மைச் சந்தை கூடும்வரை இந்த அவஸ்தை நீளும். முழுப் படத்தையும் உடனே காட்டிவிட்டால் அது வியாபாரமா? முதலில் ஒரு கறுப்பு நிழலைக் காட்டுவார்கள். அந்த நிழலில் ஒரு கொம்பு தெரிகிறதா, அல்லது பின்னால் இருக்கிற செடியா என்று இவர் விடிய விடிய செல்போனைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். மார்கழி விடியலில் ஒலிபெருக்கி திருப்பாவையைத் தொடங்கும்போது அம்மா எழுந்து வாசல் தெளிக்க வருவார். இவர் விழித்திருப்பதைப் பார்த்து, பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

இதில் நமக்குள்ள தனிச் சங்கடம், அந்த மூன்று மாதமும் கடலூருக்குப் புயல் மாதம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி ‘தானே’ கரையைக் கடந்தது. 2024-ல் நவம்பர் முடிகிற நாளில் ‘ஃபெஞ்சல்’ வந்தது. தொடர்ந்து தென்பெண்ணை பொங்கியது. ஊரே கரண்ட் எப்போது வரும் என்று மின்வாரியத்துக்குப் போன் போடும். ஜெனரேட்டர் வைத்திருக்கும் கடையில் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற வரிசை நிற்கும். இந்த வார்ப்பு ஆளும் அந்த வரிசையில் கவலை தோய்ந்த முகத்தோடு நிற்பார். வெளியூரில் இருக்கிற பெற்றவர்களைப் பற்றி விசாரிக்கத்தான் துடிக்கிறார் என்று முன்னால் நிற்கிறவர் இரக்கப்பட்டு இடம் விடுவார். போன் உயிர் பெற்றதும் இவர் பார்ப்பது அந்தக் கறுப்பு நிழல் விலகிவிட்டதா என்பதை.

விலகினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். இன்னொரு டைரனோசாரஸ் ரெக்ஸ். இவர் வருஷா வருஷம் போடும் கணிப்புப் பட்டியலில் முதலிடத்தில் எழுதுவது பாரபாசாரஸ். கோதாவரிப் படுகையில் கிடைத்த நீள்கழுத்துப் பிராணி. 1975-ல் பெயரிட்டபோது தாகூரின் பெயரையும் பின்னால் சேர்த்தார்கள். எலும்புக்கூடு கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிற்கிறது. அடுத்த இடம் குஜராத்தின் ராகியோலியில் கிடைத்து 2003-ல் பெயர் பெற்ற ராஜாசாரஸ். “நம்ம ஆளுங்களுக்கு ஒரு சீட்டுகூட ஒதுக்க மாட்டேங்கிறான் பாருங்க” என்று, ஏதோ சட்டமன்றத் தேர்தல் கூட்டணி பேசுகிற தொனியில் அலுத்துக்கொள்வார். ஆனால் அந்த ரெக்ஸையும் வாங்கிவிடுவார். காரணம் இருக்கும். 2023-ல் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை, ரெக்ஸுக்கு உதடு இருந்திருக்க வேண்டும், வாயை மூடினால் பல் வெளியே தெரியாது என்று வாதாடியது. அதற்கு முந்தி வாங்கியதெல்லாம் உதடில்லாத ரெக்ஸ் ஆகிவிட்டதே!

விஞ்ஞானம் முன்னேற முன்னேற இவர் பர்ஸ் பின்னேறும். ஸ்பைனோசாரஸ் கதையைக் கேளுங்கள். 1915-ல் ஸ்ட்ரோமர் என்ற ஜெர்மானியர் பெயர் வைத்தார். எலும்புகள் மியூனிக்கில் இருந்தன. 1944-ல் விழுந்த குண்டில் எல்லாம் போயிற்று. அப்புறம் 2014-ல் புது எலும்பு கிடைத்து, பின்னங்கால் குட்டை என்றார்கள். 2020-ல் வால் துடுப்பு மாதிரி தட்டையாக, உயரமாக இருந்தது என்றார்கள். ஆக, இவர் அலமாரியில் அந்தப் பிராணி மூன்று நிற்கிறது: கால் நீண்டது, கால் குறைந்தது, வால் மாறியது.

“ஒரே பொம்மைய எதுக்குடா மூணு வாங்கி வச்சிருக்க?” என்று அம்மா ஒரு நாள் கேட்டுவிட்டார்.

“ஒரே பொம்மை இல்லம்மா. இதுக்கு வால் மாறிடுச்சும்மா.”

“உசுரோட இல்லாததுக்கு எப்படிடா வால் மாறும்?”

நியாயமான கேள்வி. ஆனால் கேட்டவர் யார் என்று பார்க்க வேண்டும். நவராத்திரிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே ஆட்டோ வைத்துக்கொண்டு வண்டிப்பாளையம் போய், “இந்த வருஷம் என்னப்பா புது செட்டு?” என்று விசாரிக்கிற குடும்பத் தலைவி அவர். அங்கே கொலு பொம்மை செய்கிறவர்கள் களிமண் காய்ந்துகொண்டிருக்கும் கொட்டகைக்குள் அழைத்துப்போய், வர்ணம் பூசாத உருவங்களைக் காட்டுவார்கள். அந்த வெள்ளை உருவம் ராமானுஜரா, தேசிகரா என்று அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊகிப்பார். அங்கே புதிதாக ஒன்றும் சிக்காவிட்டால் பண்ருட்டிக்கு பஸ் ஏறுவார். 2019-ல் காஞ்சிபுரத்தில் நாற்பது வருஷத்துக்குப் பிறகு அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளினார்; ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். அந்த நவராத்திரிக்கே இரண்டு கோலமும் பொம்மையாக வந்துவிட்டன. அம்மா இரண்டையும் வாங்கினார்.

மகனும் அதைத்தான் நினைவுபடுத்தினார். “அத்திவரதர் ஒருத்தர்தானேம்மா? ஏன் ரெண்டு வாங்கின?”

“அவர் எழுந்து நின்னாருடா!”

அந்த வீட்டில் அன்று சாயங்காலம்வரை யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த நவராத்திரியில் கீழ்ப்படியில், செட்டியார் கடைக்கும் கிரிக்கெட் செட்டுக்கும் நடுவில், மூன்று ஸ்பைனோசாரஸுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. சுண்டல் வாங்க வந்த எதிர்வீட்டு மாமி, “இது எந்தக் கோயில் வாகனம்?” என்று கேட்டார். யாளி மாதிரி ஒன்று என்று அம்மா சமாளித்தார்.

பொம்மை படத்தில் வருவது ஒரு கட்டம், ஊருக்கு வந்து சேர்வது வேறு கட்டம். நிதியமைச்சர் பட்ஜெட் படிக்கும்போது நாமெல்லாம் வருமானவரி எப்போது வரும் என்று காத்திருப்போம். இவர் பொம்மைக்குக் காத்திருப்பார். 2020 பட்ஜெட்டில் பொம்மை இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்குத் தாவியது. 2023-ல் 70 ஆனது. இடையில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றார்கள். குழந்தைகளின் வாய்க்குள் போகிற சாமானுக்குத் தரம் பார்ப்பது நல்ல காரியம்தான் என்று இவரும் ஒப்புக்கொள்வார். தன் வயதுக்காரர்கள் பொம்மையை வாயில் வைப்பதில்லை என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கலாம் என்பது மட்டும் அவருடைய தாழ்மையான அபிப்பிராயம்.

ஆகவே, கடலூர் மாவட்டத்தின் பழைய வழி: சிங்கப்பூர் மச்சான்.

“மாப்ள, ஒரு சின்ன சாமான். பெட்டியில ஓரமா வச்சிட்டு வந்துடு.”

சின்ன சாமான் என்பது ஒன்றரை அடி நீளக் கழுத்துள்ள பிராணி. கழுத்து மடங்காது. மடங்கினால் வர்ணம் உரியும். தைலம், சாக்லேட், அக்காவுக்கு நைட்டி, அப்பாவுக்கு டார்ச் லைட் எல்லாம் அந்தக் கழுத்தைச் சுற்றித்தான் அடுக்கியாக வேண்டும். “ஏர்போர்ட்டுல கேட்டா என்னா மாமா சொல்றது?” என்பான் மச்சினன். “பையனுக்குன்னு சொல்லு.” “உங்க பையனும் எங்கூடத்தானே மாமா வரான் இந்தத் தடவ!” லீவுக்குப் போன பையன் பக்கத்தில் நிற்க, நாலு வயதுப் பிள்ளைக்கு என்று பொய் சொல்லி வந்து சேர்ந்த டைனோசரை, மனைவி தைலப் பாட்டில் ஒன்று குறைந்த கணக்கில் வரவு வைப்பார்.

இவ்வளவுக்கும் அவரை வெறும் பொம்மைப் பித்தர் என்று எடைபோட்டுவிடாதீர்கள். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கல் கிடைத்தது. டைனோசர் முட்டை என்று மாநிலம் முழுக்க வாட்ஸ்அப்பில் பறந்தது. இந்த ஆசாமி படத்தைப் பார்த்த மாத்திரத்தில், “முட்டை இல்ல, அம்மோனைட் சமாசாரம். அங்கெல்லாம் அப்ப கடல்” என்று சொல்லிவிட்டார். போய்ப் பார்த்த வல்லுநர்களும் அதையே சொன்னார்கள். அலுவலகத்தில் ஒருவரும் அவரைப் பாராட்டவில்லை. முட்டையாக இருக்கும் என்று ஆசைப்பட்டவர்கள், அது முட்டை இல்லாமல் போனதற்கு இவர்தான் பொறுப்பு என்பது போலச் சில நாள் முறைத்தார்கள்.

மண்ணைப் பற்றி அவருக்கு ஒரு தீராத மனக்குறை உண்டு. நம் திருவந்திபுரம் மலை அனுமார் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது தலபுராணம். இவர் அதை மறுக்க மாட்டார். வீட்டில் சாப்பாடு வேண்டுமே. ஆனால் இங்கிருந்து கேப்பர் மலைவரை இருக்கும் சிவப்புப் பாறைக்கு நிலவியல்காரர்கள் வைத்த பெயர் கடலூர் மணற்கல். திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கிற மரங்களும் அதே பாறையில்தான். வயது ஏறக்குறைய இரண்டு கோடி வருஷம். டைனோசர்கள் பூண்டற்றுப் போனதோ ஆறு கோடியே அறுபது லட்சம் வருஷத்துக்கு முன்னால். “நாலரைக் கோடி வருஷம் லேட்டாப் போட்ட மண்ணுல வீடு கட்டிட்டோம்” என்பார். மனைவி, “வாடகைக்கு இருந்தப்பவே சொல்லியிருக்கலாம்ல?” என்பார்.

ஆனால் அதிக தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில், யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியலாளர்கள் கண்டெடுத்து 1980-களின் கடைசியில் உலகுக்கு அறிவித்த புருகத்காயோசாரஸ் இருக்கிறது. கீழ்க்கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் என்று எழுதிவைத்தார்கள். முதலில் மாமிசம் தின்னும் வகை என்றார்கள். அப்புறம் தழை தின்ற நீள்கழுத்து வகை என்று முடிவாயிற்று. 2023-ல் இரண்டு ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி அதன் எடை 110 டன்னிலிருந்து 170 டன்வரை போகலாம். வளர்ந்த ஆண் யானையே ஆறு டன்தான். பூமியில் நடந்ததிலேயே பெரிய பிராணி நம் பக்கத்து ஜில்லாக்காரராக இருக்க வாய்ப்பு உண்டு. தோண்டியெடுத்த எலும்பு மட்டும் தங்கவில்லை. நைந்து கிடந்தது, பொடிந்து போயிற்று. மிஞ்சியது சில பழைய புகைப்படங்களும் படங்களும் அளவுக் குறிப்புகளும்தான்.

இந்தப் பெயரைச் சொன்னாலே அவர் குரல் தழுதழுக்கும். இந்த வருஷப் பட்டியலிலும் கடைசி வரியில், பென்சிலால், அடிக்கோடிட்டு அதைத்தான் எழுதியிருக்கிறார். சீனாவோ ஜெர்மனியோ இதற்கு மனம் வைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே வண்டிப்பாளையத்துப் பொம்மைக் கலைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆடியில் களிமண் பிசையும்போது ஓர் அடி உயரத்தில் அந்தக் கல்லமேட்டுக்காரரையும் ஒன்று செய்துவிடுங்கள். கழுத்து நீளமாக இருக்கட்டும், மற்றபடி உங்கள் இஷ்டம். தப்பு என்று அடித்துச் சொல்ல யாரிடமும் எலும்பு கிடையாது. வாங்க ஆள் தயாராக இருக்கிறார். பணத்தை மட்டும் முழுசாக முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் எவராவது புது ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டால், வர்ணம் காய்வதற்குள் வந்து வேறு வால் கேட்பார்.