பேய்க்குக் கூழ்

கேள்வி: பேய்க்கதைகளில் பக்கத்துக்குப் பக்கம் ரத்தமும் குடலுமாக இருக்கிறது. முதலில் ஆவலாகப் படிக்கிறேன்; பாதியில் கொட்டாவி வந்துவிடுகிறது. ஏன்?
– வாசகர் ஒருவர், நாகல்நகர், திண்டுக்கல்

பதில்: பிரியாணி ஊர்க்காரருக்கே மாமிசம் அலுக்கிறதென்றால் விஷயம் பெரிதுதான்! நம்மவர்கள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். 12-ஆம் நூற்றாண்டுக் கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டாரின் பேய்கள், செத்தவர்களின் பல்லை அரிசியாக்கி, முரசு உரலில் இட்டு, யானைத் தந்தத்தால் குத்திக் கூழ் காய்ச்சுகின்றன. ஆனால் கவிஞர் கெட்டிக்காரர். பந்திக்கு வரும் சமணப் பேய்க்குக் கூழில் மயிர் இல்லாமல் பார்த்து, வடிகட்டி ஊற்றச் சொல்கிறார்! கோரத்துக்கு நடுவே சிரிப்பு. இன்றைய கதைகளில் அது இல்லை. மூன்றாவது தலை உருளும்போது நாம் எண்ண ஆரம்பித்துவிடுகிறோம்.

கோரத்தைக் குவிக்காமலும் பயமுறுத்தலாம்; புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யைப் படியுங்கள். வீட்டில் வந்து ஒட்டிக்கொண்ட வேலைக்காரி பேயா, கதை சொல்பவரின் பிரமையா? மனிதர் சொல்லவே மாட்டார். வாடை ஒன்றை அறைக்குள் விட்டுவிட்டு நம்மைத் தவிக்கவிடுவார். படித்த ராத்திரி, உங்கள் ஊர்ப் பூட்டையே வாசலில் போட்டாலும் தூக்கம் வராது. அவள்தான் உள்ளே இருக்கிறாளே!