‘சூப்பரா இருக்கு’ என்னும் தொடர்: புகைப்படக் கடையை முன்வைத்து ஓர் இலக்கண ஆய்வு

தானே படம் எடுத்து, தானே அச்சிட்டு, தானே மேஜை போட்டு விற்கிற புகைப்படக்காரன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதிகம் கேட்கும் தொடர் ‘சூப்பரா இருக்கு’ என்பதாகும். அடுத்த இடத்தில் ‘பாத்ரூம் எந்தப் பக்கம்?’ வருகிறது. இரண்டாவதற்கு என்னால் உபயோகமான பதில் சொல்ல முடிகிறது. கேட்டவரும் திருப்தியாகப் போகிறார். முதலாவதுதான் சிக்கல். அது காதில் விழுந்த பிறகு கல்லாப்பெட்டி திறந்ததாக என் அனுபவத்தில் இல்லை. ஏன் என்று இலக்கணம் படித்தவர்கள் இதுவரை கேட்கவில்லை. பொருளியல் படித்தவர்கள் என் மேஜைக்கு வந்தார்கள், சூப்பர் என்றார்கள், போய்விட்டார்கள். ஆகவே சென்னையின் தென்கோடியில், ஒரு பள்ளி மைதானத்தில் நடக்கும் கைவினைச் சந்தையில், ஆறு வருடமாக மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தகுதி ஒன்றையே கொண்டு இந்த ஆய்வை நானே செய்ய நேர்ந்தது.

சொல்லிலக்கணம்

மிகுதியைக் காட்டும் உரிச்சொற்கள் உறு, தவ, நனி என்றார் தொல்காப்பியர். நன்னூலாரிடம் வரும்போது சால, கூர், கழி என்று மூன்று சேர்ந்து ஆறாகிவிட்டன. ‘சூப்பர்’ ஏழாவது என்று கொள்வதில் பெரிய தடை இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு காலத்தில் ‘நனி நன்று’ என்ற வாய் இன்று இதைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் படக்கடைக்கு முன் நின்று சொல்லும்போது இந்த உரிச்சொல் தன் சொந்த வேலையை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறது. தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பிரிப்பார்கள். இதில் மங்கலமாவது, நல்லதல்லாத செய்தியை நல்ல வார்த்தையால் சொல்வது. செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது. சுடுகாட்டை நன்காடு என்பது. ‘வாங்க மாட்டேன்’ என்பதை ‘சூப்பரா இருக்கு’ என்பதும் இந்த வகையே என்பது என் துணிபு. உரையாசிரியர்கள் யாரும் இந்த உதாரணத்தைக் காட்டவில்லை. அவர்கள் யாரும் கடை போடவில்லை.

இதற்குள் சில உட்பிரிவுகள் உண்டு. நடையை நிறுத்தாமல் சொல்லும் ‘சூப்பர்’, சம்பிரதாயம். கூட வந்தவரைப் பார்த்து ‘சூப்பரா இருக்குல்ல?’ என்றால், அந்த இருவரும் ஏதோ சண்டையில் இருக்கிறார்கள், பேச ஒரு பொதுப்பொருள் தேவைப்படுகிறது. படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்த பின் சொல்வது நன்றியறிதல். இவை எல்லாம் எளியவை. ‘சூப்பரா இருக்கு சார், எந்த கேமரா?’ என்பது மட்டும் தனியாக நின்று பார்க்க வேண்டியது.

பழவேற்காட்டில் பூநாரைகள் விடியலில் எழும் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்காக ஜனவரி மாதத்தில் ஆறு நாள் அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பியிருக்கிறேன். ஐந்து நாளும் பூநாரைகள் வேறு திசையில் எழுந்தன. ஆறாம் நாள் கிடைத்ததை 308 ஜிஎஸ்எம் பருத்தித் தாளில் அச்சிட்டு மேஜையின் நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறேன். (தாளைத் தடவிப் பார்ப்பவர்கள் ‘கல்யாணப் பத்திரிகை மாதிரி கெட்டியா இருக்கே’ என்பார்கள். இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.) ஒருவர் வந்தார், ஐம்பது வயதிருக்கும்.

“சூப்பரா இருக்கு தம்பி. எந்த கேமரா?”

சொன்னேன்.

“என் மச்சான்கிட்ட இதைவிடப் பெரிசு இருக்கு. அவனும் இதே எடத்துல எடுத்திருக்கான். காட்டட்டுமா?”

போனில் கொஞ்ச நேரம் தேடினார். எனக்குப் பின்னால் இரண்டு பேர் பாத்ரூம் கேட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் கிடைத்தது. பூநாரைகள்தான். மேலே ஒரு ரோஜாப்பூ, கீழே ஆவி பறக்கும் காபிக் கோப்பை, நடுவில் மஞ்சள் எழுத்தில் ‘இனிய காலை வணக்கம்’. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சூப்பரா இருக்கு சார்” என்றேன்.

மங்கல வழக்கு இருவருக்கும் பொது என்பது அன்று உறுதியானது.

முன்னோர் பட்ட பாடு

இந்தத் தொழிலின் நஷ்டத்துக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. காகித நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று காட்டிய இங்கிலாந்தின் டால்பட், 1844-ல் தம் படங்களை ஒட்டிய ‘தி பென்சில் ஆஃப் நேச்சர்’ என்ற நூலைப் பகுதி பகுதியாக விற்கத் தொடங்கினார். 1846-ல் ஆறாம் பகுதியோடு, 24 படங்களோடு, நின்றுபோயிற்று. அச்சுகள் நிறம் மங்கின, செலவு கட்டவில்லை என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். அந்த 24-ல் மிகவும் புகழ்பெற்றது திறந்த கதவு ஒன்றின் படம். வாசலில் என்ன சாய்த்து வைத்திருக்கிறது என்று பார்த்தால், துடைப்பம். என் பாட்டி உயிரோடு இருந்திருந்தால் வியாபாரம் ஏன் போயிற்று என்பதற்கு வேறு ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காது.

அன்னா அட்கின்ஸ் அம்மையார் இன்னும் தெளிவானவர். 1843-லிருந்து கடற்பாசிகளை நீல அச்சாக எடுத்துப் புத்தகமாக்கினார். விற்க முயலவே இல்லை. தெரிந்தவர்களுக்கும் அறிஞர்களுக்கும் கொடுத்துவிட்டார். புகைப்படம் கொண்ட முதல் நூல் என்று இன்று அதைத்தான் சொல்கிறார்கள்.

நம் பக்கத்துக்கு வந்தால் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858-ல் திருவரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று மாட்டு வண்டிக் காலத்தில் பெரிய பெட்டிக் கேமராவோடு அலைந்தவர். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ராஜராஜன் கல்வெட்டை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த கண்கள் அதிகம் இருந்திருக்காது. 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவலியனுக்கு இது வீண்செலவாகப் பட்டது. கடைக்கு மூடுவிழா. அரசாங்கமே சம்பளம் கொடுத்து நடத்திய படக்கடை நிலைக்காதபோது, மடக்கு நாற்காலியின் கதியைப் பற்றிப் புலம்ப எனக்கு உரிமை இல்லை.

மறுதரப்பு ஆதாரம் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி ரைன் நதியை எடுத்த படம் ஒன்று 2011-ல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. புல், ஆறு, புல், வானம்: அவ்வளவுதான் படத்தில். இடைஞ்சலாக இருந்த கட்டடத்தைக்கூடக் கணினியில் அழித்துவிட்டாராம். செம்பரம்பாக்கம் ஏரியில் நான் எடுத்ததிலும் புல், நீர், வானம் உண்டு. எதையும் அழிக்கவில்லை. ‘இதுல ஒண்ணுமே இல்லியே’ என்று ஒரு சிறுவன் சொன்னான். அவன் அம்மா அவன் கையைக் கிள்ளிவிட்டு என்னைப் பார்த்து, சூப்பர் என்றார்.

சுவர் இயல்

வாங்காததற்குப் பணம் காரணமில்லை என்பதே என் முடிவு. அதே சந்தையில் என்னைவிட விலை கூடிய கேழ்வரகு பிஸ்கட் தவறாமல் தீர்ந்துவிடுகிறது. காரணம் சுவர். தமிழ் வீட்டுச் சுவரில் ஏற மூன்று பேருக்குத்தான் அனுமதி: சாமி, செத்துப்போனவர், தேதி. ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடு வீடாக ஏற்றினாரென்றால் அது முதல் வாசல் வழியாக. (அவருக்கும் அச்சகம் கடனில்தான் முடிந்தது, ஜெர்மன்காரர் ஒருவரிடம் விற்றுவிட்டார்.) இரண்டாம் வாசல் ஸ்டூடியோக்காரர்களுடையது. பெரியவர் போன மறுநாள், ரேஷன் கார்டிலிருந்து அவரைப் பிரித்தெடுத்து, சட்டைக்குக் கோட்டு போட்டு, நீல வானத்தின் முன் உட்கார வைத்துத் தருவார்கள். அந்தப் படத்தை யாரும் சூப்பர் என்பதில்லை. ‘மூக்கு சரியா வரலியே’ என்பார்கள். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் சொல்வார்கள். இந்த நுட்பத்தை நான் கவனிக்க வெகு காலமாயிற்று.

சாமியும் இல்லாத, சாகவும் இல்லாத பூநாரைக்குச் சுவரில் இடம் எது?

கைவினைக்கு இறங்கியது

ஆகவே சுவரை விட்டு பிரிட்ஜுக்கு இறங்கினேன். காந்தம் ஒட்டிய சின்னப் படம், எண்பது ரூபாய். அதிகம் போவது ஸ்கூட்டர் சீட்டில் தூங்கும் பூனை. ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது போனில் எடுத்தது, குனியக்கூட இல்லை. பழவேற்காட்டின் ஆறு விடியல்களுக்கும் சேர்த்து அந்தப் பூனைதான் டீசல் போடுகிறது.

அடுத்தது, அட்கின்ஸ் அம்மையார் வழியில், நீல அச்சுப் புத்தகக் குறி. 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெர்ரிசயனைடு என்று இரண்டு கரைசல். இரண்டையும் கலந்து தாளில் பூசி, வெளிச்சம் படாமல் உலர்த்தி, மேலே ஓர் இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி மொட்டை மாடியில் காட்ட வேண்டும். பச்சை மஞ்சளாக இருந்த தாள் சாம்பல் பூத்தாற்போல் ஆகும். எடுத்துத் தண்ணீரில் அலசினால் இலை இருந்த இடம் வெள்ளை, மற்றதெல்லாம் கருநீலம். கேமராவே வேண்டாம். சென்னையில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே மூலப்பொருளான வெயில் போதும்.

ஆனால் அந்த வெயிலுக்கு எங்கள் மாடியில் ஏற்கெனவே ஒருவர் பட்டா வைத்திருந்தார். மே மாதம், ஜவ்வரிசி வடாம். “உன் தாளை அந்தப் பக்கம் தள்ளுடா, நெழல் விழுது” என்பார் அம்மா. நான் கண்ணாடியை நகர்த்துவேன். ஒருநாள் தூரிகையை உதறியதில் வடாம் துணியின் ஓரத்தில் நாலைந்து துளி. மாலைக்குள் வடாமில் நீலப் புள்ளிகள், பார்க்க அழகாகவே இருந்தன. புட்டியில் ஒட்டியிருந்த பெயரை அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். பெயரில் சயனைடு இருக்கிறதே தவிர இது அந்தச் சயனைடு இல்லை என்று பத்து நிமிடம் ரசாயனம் விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரெண்டு படி வடாத்தையும் துணியோடு சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

புத்தகக் குறியில் இருப்பது முருங்கை இலை. வாங்குபவர்கள் ‘கறிவேப்பிலையா?’ என்பார்கள். முதலில் திருத்தினேன். இப்போது ஆமாம் என்கிறேன். அறுபது ரூபாய்க்குத் தாவரவியலும் சேர்த்துக் கொடுக்க முடியாது.

மூன்றாம் வாசல்

மிச்சமிருந்தது தேதி. பன்னிரண்டு படம், பன்னிரண்டு மாதம், ஸ்பைரல் போட்ட காலண்டர். முதல் வருடம் எடுத்துப் புரட்டிய எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: “ராகு காலம் எங்க?” சிவகாசித் தாள் காலண்டரில் வளர்ந்த கண்களுக்கு, அமாவாசையும் முகூர்த்தமும் இல்லாத தேதி வெறும் எண். மறு வருடம் எல்லாவற்றையும் சேர்த்தேன். பூநாரையின் சிறகுக்குக் கீழே சுபமுகூர்த்தம், செம்பரம்பாக்கத்து வானத்தில் அஷ்டமி, நவமி.

அதைச் சேர்க்கும்போதுதான் ஆய்வின் மிகப் பெரிய உண்மை கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. சந்தைக்குக் கூட்டம் வருவதே, வெயில் தாழ்ந்த பிறகு, நாலரையிலிருந்து ஆறு. ஆறு வருடமாக நான் ராகுவின் அலுவலக நேரத்தில் கடை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சென்ற டிசம்பரில் ஐந்தேகால் மணிக்கு ஒரு மாமி வந்தார். காலண்டரைப் புரட்டினார். “சூப்பரா இருக்குப்பா” என்றார். நான் மனதுக்குள் கணக்கை முடித்துக்கொண்டேன். அவர் போகவில்லை, அதில் அச்சிட்டிருந்த ராகு காலத்தை என்னிடமே காட்டி, “இப்ப வாங்கப்படாது” என்று சொல்லிவிட்டு பிஸ்கட் கடைப் பக்கம் போனார்.

ஆறு ஐந்துக்குத் திரும்பி வந்தார். இந்த முறை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மார்ச் மாதத்துப் படம் இருட்டாக இருக்கிறது என்றார். ஓரம் வளைந்திருக்கிறது, வேறு எடு என்றார். எடுத்தேன். இது அதைவிட வளைந்திருக்கிறது என்று முதலாவதையே கேட்டார். கிருத்திகை எழுத்து பொடியாக இருக்கிறது, வயசானவர்கள் எப்படிப் படிப்பது என்றார். முன்னூற்றைம்பது அநியாயம், முன்னூறுதான் என்று எடுத்து நீட்டினார். எழுத்தின் அளவிலிருந்து விலை வரைக்கும் ஒன்றையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. என் கை தன்னால் பைக்குப் போயிற்று.

பிறகு பூநாரையைப் பார்த்தார். “இது என்ன, கொக்கா?”

“ஆமாம் மாமி.”

“கால் ஏன் இவ்ளோ குச்சியா இருக்கு?” கைப்பையின் ஜிப்பைத் திறந்தார். “சட்டத்தோட என்ன சொல்றே? எங்காத்துல மாமனார் படத்துக்குப் பக்கத்துல ஒரு ஆணி சும்மாத்தான் இருக்கு.”